காசு கொடுத்தது நீங்கள், கேம் யாருடையது?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதில் சிடி போடும் இடம் எங்கே இருக்கிறது?" எங்கும் இல்லை. இன்று கடைக்கு வரும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் சிடி, டிவிடி டிரைவ் கிடையாது. டெஸ்க்டாப் கேபினட்களிலும் அந்த இடத்தை எடுத்துவிட்டு பேன் மாட்டித் தருகிறார்கள். ஆகவே வீட்டில் பிள்ளைகள் கேம் கேட்டால் நமக்கு இருப்பது ஒரே வழிதான். ஸ்டீம், எபிக், மைக்ரோசாப்ட் ஸ்டோர் என ஏதாவது ஓர் இணையக் கடையில் அக்கவுண்ட் தொடங்கி, பணம் கட்டி, 50 ஜிபி, 100 ஜிபி என்று டவுன்லோட் செய்ய வேண்டும்.

பணம் கட்டியாயிற்று. கேமும் ஹார்ட் டிஸ்க்கில் இறங்கிவிட்டது. இப்போது அது உங்களுடையதா?

இந்தக் கேள்விக்கு விளையாட்டுப் பிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தால்தான் சொந்தம், டவுன்லோட் எல்லாம் வாடகை வீடு மாதிரி என்பது ஒரு கட்சி. டிஸ்க் கீறல் விழும், தொலையும், அக்கவுண்ட்டில் இருப்பது எங்கே போகும் என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. கேம் எதில் வந்தது என்பதைவிட, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அது யாரிடம் அனுமதி கேட்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கிலும் பூட்டு இருந்தது

காப்பி எடுக்க முடியாமலும், வாங்கியவரைத் தவிர மற்றவர் பயன்படுத்த முடியாமலும் செய்ய சாப்ட்வேரில் வைக்கப்படும் ஏற்பாட்டுக்கு டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட், சுருக்கமாக டி.ஆர்.எம். என்று பெயர். நாம் பூட்டு என்றே சொல்வோம்.

2000-களில் கேம் டிஸ்க்குகளில் அதிகம் இருந்த பூட்டுகளில் ஒன்று மேக்ரோவிஷன் நிறுவனத்தின் சேப்டிஸ்க். இன்னொன்று சோனி குழுமத்தைச் சேர்ந்த செக்யூராம். சேப்டிஸ்க் வேலை செய்த விதம் சுவாரசியமானது. டிஸ்க்கின் சில பகுதிகளில் சாதாரண சிடி ரைட்டரால் சரியாக எழுத முடியாத விதத்தில் டேட்டாவைப் பதிந்து வைப்பார்கள். கேமின் முக்கிய பைல் மறைக்குறியாக்கப்பட்டு இருக்கும். நீங்கள் ஐகானை டபுள் கிளிக் செய்தவுடன் முதலில் ஓடுவது கேம் அல்ல, ஒரு காவல்கார புரோகிராம். அது டிரைவில் இருக்கும் டிஸ்க்கில் அந்தப் பகுதிகளைப் படித்துப் பார்க்கும். ஒரிஜினல் என்று தெரிந்தால்தான் கேம் பைலைத் திறந்துவிடும். கேம் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்திருந்தாலும் டிஸ்க்கை டிரைவில் போடச் சொல்லி அது அடம் பிடித்த காரணம் இதுதான்.

இந்தக் காவல்காரன் தனியாக வரவில்லை. செக்டிரைவ் என்ற டிரைவர் பைல் ஒன்றையும் விண்டோஸில் வைத்திருந்தான். டிரைவர் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடியில் உட்கார்ந்து வேலை செய்யும் புரோகிராம். அதில் ஓட்டை இருந்தால் கம்ப்யூட்டருக்கே ஓட்டை. அப்படி ஓர் ஓட்டை 2007-ல் கண்டுபிடிக்கப்பட்டு மைக்ரோசாப்ட் அதற்கு பேட்ச் வெளியிட வேண்டியிருந்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த டிரைவரை மைக்ரோசாப்ட் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், விஸ்டா, விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அதை நிறுத்தி வைத்தது.

விளைவு என்ன தெரியுமா? பளபளவென்று ஒரு கீறல்கூட இல்லாமல், பெட்டி, கையேடு, சீரியல் நம்பர் சகிதம் பத்திரமாக வைத்திருந்த டிஸ்க்குகள், புது விண்டோஸில் இயங்க மறுத்தன. மைக்ரோசாப்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். பாதுகாப்பு இல்லாத ஒரு டிரைவரை எடுத்தது சரியான வேலைதான். ஆனால் அந்த கேம்களின் கதையும் படமும் ஒலியும் அந்த டிஸ்க்கில்தான் அப்படியே இருந்தன. ஓடாமல் நின்றதற்குக் காரணம் காவல்காரன் மட்டுமே. டிஸ்க் வைத்திருந்தால் சொந்தம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

டிஸ்க் வெறும் கூரியர் ஆன கதை

2004 நவம்பரில் வால்வ் நிறுவனத்தின் ஹாப்-லைப் 2 வெளிவந்தது. கடையில் பெட்டி வாங்கி டிஸ்க்கில் இருந்து இன்ஸ்டால் செய்தாலும், இணையத்தில் ஸ்டீம் அக்கவுண்ட் தொடங்கி ஆக்டிவேட் செய்த பிறகே விளையாட முடியும். அக்கவுண்ட்டில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் அந்த டிஸ்க்கை நண்பருக்கு விற்றும் பயனில்லை. அன்று முதல் டிஸ்க் என்பது டேட்டாவைக் கொண்டுவந்து போடும் கூரியர் மட்டும்தான். பலர் கூச்சல் போட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

அடுத்தது 2008-ல் வந்த ஸ்போர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட இந்த கேமில் செக்யூராம் பூட்டு. மூன்று முறைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்ற நிபந்தனையும் இருந்தது. விண்டோஸைத் திரும்ப இன்ஸ்டால் செய்தால் ஒரு முறை போயிற்று. கம்ப்யூட்டர் மாற்றினால் இன்னொன்று. அமேசான் தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒற்றை ஸ்டார் கொடுத்துத் தள்ளினார்கள். பிறகு மூன்றை ஐந்து ஆக்கினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், கேம் கடைக்கு வருவதற்கு முன்பே பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் பதிப்பு இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்தவருக்கு மூன்று முறை கணக்கும் இல்லை, ஐந்து முறை கணக்கும் இல்லை. காசு கொடுத்தவர்தான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.

2013 மார்ச்சில் சிம்சிட்டி. ஊர் கட்டும் விளையாட்டு. தனியாக விளையாடினாலும் இணையத்தில் இணைந்தே இருக்க வேண்டும் என்றார்கள். வெளியான வாரத்தில் சர்வர்கள் தாங்கவில்லை. பணம் கட்டியவர்கள் உள்ளே நுழையவே வரிசையில் காத்திருந்தார்கள். இணையம் இல்லாமல் இயங்கும்படி இதை மாற்றுவது லேசான வேலை இல்லை என்று தயாரிப்பாளர்கள் விளக்கம் சொன்னார்கள். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், அவர்களே ஒரு அப்டேட் மூலம் ஆப்லைன் வசதியைக் கொடுத்தார்கள்.

இதற்கெல்லாம் உச்சம் யூபிசாப்ட் நிறுவனத்தின் தி க்ரூ. 2014 டிசம்பரில் வந்த கார் ரேஸ் கேம். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்து, ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு ஓட்டிப் போகலாம். தனியாக விளையாடும் கதைப் பகுதிக்கும் சர்வர் தேவை. 2024 மார்ச் 31 அன்று சர்வர்களை நிறுத்தினார்கள். டிஸ்க் வாங்கியவர், டவுன்லோட் செய்தவர் இருவருக்கும் ஒரே நாளில் முடிந்தது. அடுத்த மாதம், வாங்கியவர்களின் அக்கவுண்ட்டில் இருந்து லைசென்ஸையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

கோபம் வந்தது. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். ஐரோப்பிய யூனியனில் குடிமக்கள் முறையாகக் கோரிக்கை வைக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குத் தேவையான 10 லட்சம் கையெழுத்தை அந்தக் கோரிக்கை 2025 ஜூலையில் தாண்டியது. சர்வரைக் காலம் முழுக்க ஓட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கடையைக் கட்டும்போது கேமை விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கேட்டது. நியாயமான கோரிக்கை என்பேன். தி க்ரூ வரிசையின் அடுத்தடுத்த கேம்களுக்கு ஆப்லைன் வசதி தருவதாக யூபிசாப்ட்டே 2024-ல் அறிவித்தது. அப்படியானால் செய்யக்கூடிய வேலைதான் அது.

உள்ளே இருக்கும் ஒரு வரி

நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். கேம் எழுதுவதில்லை. ஆனால் லைசென்ஸ் சோதனை எப்படி எழுதப்படும் என்று தெரியும். புரோகிராம் தொடங்கும்போது சர்வருக்கு ஒரு கேள்வி அனுப்பும். "இந்த அக்கவுண்ட், இந்தக் கம்ப்யூட்டர், ஓட விடலாமா?" சர்வர் ஆம் என்றால் ஓடும். இல்லை என்றால் நிற்கும். இதில் சிக்கல் எதுவும் இல்லை. மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது. பதிலே வராவிட்டால் என்ன செய்வது?

அந்த இடத்தில் புரோகிராமர் ஒரு வரி எழுத வேண்டும். போன முறை ஆம் என்று சொன்னாயே, அதை நம்பி ஓட விடு என்று எழுதலாம். அல்லது பதில் வரும்வரை கதவைச் சாத்து என்றும் எழுதலாம். இரண்டுக்கும் ஆகும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இதை முடிவு செய்பவர் பெரும்பாலும் புரோகிராமர் அல்ல, விற்பனைப் பிரிவில் இருப்பவர். உங்கள் வீட்டு இணையம் போனாலும், சர்வர் பழுதானாலும், கம்பெனியே மூடப்பட்டாலும் கேமுக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாமே பதில் வரவில்லை என்ற ஒரே நிலைதான்.

இன்று பெரிய கேம்களில் அதிகம் பேசப்படும் பூட்டு டெனுவோ. 2014-ல் வந்தது. 2021 நவம்பரில் டெனுவோவின் ஓர் இணைய முகவரி காலாவதியாகி, சில மணி நேரம் பல கேம்கள் தொடங்க மறுத்தன. புதுப்பிக்க மறந்த ஒரு டொமைன் பெயர், அவ்வளவுதான். அதே காலத்தில் இன்டெல் புதிய வகை பிராசசர்களைக் கொண்டுவந்தது. ஒரே சிப்பில் பெரிய கோர், சிறிய கோர் என இரண்டு வகை. சில பூட்டுகள் இதை இரண்டு தனித்தனிக் கம்ப்யூட்டர் என்று எண்ணிக் குழம்பின. புது மெஷின் வாங்கியவர்தான் அவதிப்பட்டார்.

திருட்டு கேம் பிரச்சினை உண்மையில்லையா என்று கேட்பீர்கள். உண்மைதான். சென்னை பர்மா பஜாரில் பிளாட்பாரம் நெடுக திருட்டு சிடி விரித்து விற்ற காலத்தை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 200 பேர் நான்கு ஆண்டு உழைத்துச் செய்ததை ஒருவன் ஐம்பது ரூபாய்க்கு விற்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? என் தொழிலும் அதுதான், ஆகவே எனக்கும் எரியும்.

ஆனால் பர்மா பஜாரைவிட மோசமான சந்தையில் இருந்து கிளம்பிய ஒரு நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். 1990-களில் போலந்து நாட்டில் ஒரிஜினல் கேம் வாங்குவது என்ற பழக்கமே அபூர்வம். சந்தைகளில் திருட்டு டிஸ்க் மலிந்து கிடந்தது. அங்கே 1994-ல் இரண்டு இளைஞர்கள் தொடங்கிய சிடி புரொஜெக்ட் நிறுவனம், வெளிநாட்டு கேம்களை இறக்குமதி செய்து விற்றது. 1999-ல் பால்டர்ஸ் கேட் என்ற கேமை முழுக்கப் போலிஷ் மொழியில் கொண்டுவந்தார்கள். நல்ல நடிகர்களை வைத்துக் குரல் கொடுத்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், விதிப் புத்தகம், இசை சிடி எல்லாம் வைத்தார்கள். திருட்டு டிஸ்க்கில் கிடைக்காததை ஒரிஜினலில் கொடுத்தால் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வாங்கினார்கள். அந்த நிறுவனமே 2008-ல் ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடையைத் திறந்தது. பூட்டு இல்லாத கேம் மட்டும் விற்பது என்பது அதன் கொள்கை. 2015-ல் வந்த அவர்களுடைய தி விட்சர் 3, முதல் நாளிலேயே ஜி.ஓ.ஜி.யில் பூட்டு இல்லாமல் கிடைத்தது. 2023-க்குள் எல்லாக் கடைகளிலுமாகச் சேர்ந்து அது 5 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது. பூட்டு இல்லாவிட்டால் நஷ்டம் என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதல் சில மாதங்களில்தான் ஒரு கேமுக்குப் பெரும்பகுதி வருமானம் வருகிறது. அதுவரை பூட்டு போட்டுக்கொள்ளட்டும். பிறகு எடுத்துவிடட்டும். 2016 மே மாதம் வந்த டூம் கேமில் டெனுவோ இருந்தது, அந்த ஆண்டு டிசம்பரிலேயே நீக்கிவிட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. எந்தத் தேதியில் பூட்டு எடுக்கப்படும் என்று வாங்கும் பக்கத்திலேயே போட்டுவிட்டால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கலிபோர்னியா மாநிலத்தில் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் கையெழுத்தாகி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் பொருளை "வாங்குங்கள்" என்று எழுதி விற்றால், இது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் இருந்து ஸ்டீமில் பணம் கட்டும் பக்கத்தில் அப்படி ஒரு வரி வருகிறது. அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. அடுத்த முறை படித்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி அதன் விதிவிலக்கு. இணையம் இல்லாமலே நிரந்தரமாகப் பயன்படுத்தும் விதத்தில், தனியாக ஒரு டிரைவில் டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளக் கொடுத்தால் இந்த எச்சரிக்கை தேவையில்லை. அதாவது அனுமதி கேட்காமல் ஓடினால் அதை வாங்கியதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. டிஸ்க்கா டவுன்லோடா என்று சட்டமும் பார்க்கவில்லை.

நம் நாட்டில் 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 52, முறையாக வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராமுக்குத் தொலைந்தால், பழுதானால் உதவ என்று ஒரு பேக்கப் காப்பி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. பலருக்கும் இது தெரியாது. அதே சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. பேக்கப் எடுத்துக்கொள்ளும் உரிமை காகிதத்தில் இருக்கிறது. எடுத்த காப்பி சர்வரிடம் அனுமதி கேட்டு நின்றால் அந்த உரிமையால் என்ன பயன்? இது எழுதப்பட்டபோது யாரும் இதை யோசித்திருக்க முடியாது. இப்போது யோசிக்கலாம்.

இதற்காக ஸ்டீமை விட்டு ஓடிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கடையில் இருந்து எடுக்கப்பட்ட கேமைக்கூட ஏற்கெனவே வாங்கியவர்கள் பெரும்பாலும் திரும்ப டவுன்லோட் செய்துகொள்ள முடிகிறது. கம்ப்யூட்டர் மாற்றினாலும் சேமித்த ஆட்டம் கூடவே வருகிறது. விலை குறைப்பு நாட்களில் கிடைக்கும் மலிவு, பெட்டி விற்ற காலத்தில் கனவிலும் கிடையாது. ஆனால் அக்கவுண்ட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. அண்ணன் வாங்கிய புத்தகம் தம்பிக்கு வரும், தம்பி படித்து முடித்தால் பழைய புத்தகக் கடைக்குப் போகும். கேமில் அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுவது வேறு, தெரியாமல் கட்டுவது வேறு.

வாங்கும் முன் ஸ்டீமில் அந்த கேமின் பக்கத்தில் வலது ஓரத்தைப் பாருங்கள். டெனுவோ போன்ற வெளியார் பூட்டு இருந்தால் அங்கே கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். வேறொரு கம்பெனியின் அக்கவுண்ட்டும் தேவை என்றால் அதுவும் இருக்கும். அதோடு, ஸ்டீமில் பூட்டு போடுவது கேம் தயாரிப்பாளரின் விருப்பம்தான், கட்டாயம் இல்லை. ஆகவே ஸ்டீமில் வாங்கினாலும் பூட்டு இல்லாத கேம்கள் உண்டு. கண்டுபிடிக்க ஒரு சோதனை சொல்கிறேன். லைப்ரரியில் கேமின் பெயரில் ரைட் கிளிக் செய்து, மேனேஜ் என்பதில் பிரவுஸ் லோக்கல் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் போல்டரை அப்படியே வேறு டிரைவில் காப்பி செய்யுங்கள். ஸ்டீமை முழுவதுமாக மூடுங்கள். வைபை இணைப்பைத் துண்டியுங்கள். காப்பி செய்த போல்டரில் கேமின் பைலை டபுள் கிளிக் செய்யுங்கள். ஓடினால் பூட்டு இல்லை. ஸ்டீம் தானாக எழுந்து வந்தால் பூட்டு இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதால், இந்தச் சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஜி.ஓ.ஜி.யில் வாங்கினால் உங்கள் லைப்ரரியில் ஆப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர் என்று தனியே கொடுத்திருப்பார்கள். பெரிய கேம் என்றால் பல துண்டுகளாக வரும். ஒரு துண்டு குறைந்தாலும் இன்ஸ்டால் ஆகாது, எனவே எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டு, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்த பிறகு, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை இன்ஸ்டால் செய்து பாருங்கள்.